சார்னொக்கைட்: கல்லறையிலிருந்து வந்த ஒரு கல்லின் பெயர்

போன மாதம் மதில் அத்திவாரத்துக்கென்று ஒரு டிராக்டர் கருங்கல் கொண்டுவந்து வாசலில் பறித்தார்கள். அன்று பின்னேரமே மருமகன் வந்து அந்தக் குவியலுக்கு மேல் ஏறி நின்றான். உயர்தரத்தில் புவியியல் படிக்கிறான், இலங்கையின் பாறைகள் என்று ஒரு பாடம் ஓடுகிறதாம். "மாமா, சார்னொக்கைட் எண்டு ஒரு கல் இருக்காம், இதுக்குள்ள இருக்குமோ? உது என்ன பேர், கல்லுக்கு வைக்கிற பேரே உது?"

பெயரைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, கல்லைப் பற்றிய கேள்விக்குத்தான் உடனே இல்லை. அன்றைக்குத் துண்டு துண்டாக அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். புவியியல் படிக்காதவர்களும் தைரியமாக வாசிக்கலாம், நானும் பட்டம் வாங்கியவன் இல்லை, திருகோணமலையில் பிறந்து கல்லும் கடலுமாக வளர்ந்தவன், அவ்வளவுதான்.

முதலில் பெயரின் வாலைப் பிடிப்போம். கல், கனிமங்களின் பெயர்களில் நிறையவற்றுக்கு 'ஐட்' என்று ஒரு வால் இருக்கும். கிரேக்கத்திலிருந்து வந்த ஒட்டு அது, 'இன்னதைச் சேர்ந்தது' என்ற அளவில்தான் அதன் பொருள். நாங்கள் மூதூரான், தீவான் என்று ஊரோடு ஓர் 'ஆன்' சேர்த்துச் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வாலை வெட்டிவிட்டால் மிச்சம் நிற்பது பெரும்பாலும் ஓர் ஊர், ஓர் ஆள், இல்லாவிட்டால் ஒரு பொருள். பொக்சைட்டை வெட்டினால் பிரான்சில் லே போ என்ற ஊர் வரும், அந்தசைட்டை வெட்டினால் அந்தீஸ் மலை, டொலமைட்டை வெட்டினால் டொலொமியூ என்ற பிரெஞ்சுக்காரர். சார்னொக்கைட்டை வெட்டினால் வருகிறவர் ஜோப் சார்னொக்.

இந்த மனிதருக்கும் கற்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் முகவர். 1690 ஆகஸ்ட் 24ஆம் திகதி ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதானுதி என்ற கிராமத்தில் வந்து இறங்கினார், அதை வைத்துக் கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவர் என்று நெடுங்காலம் அவரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (அங்கே ஏற்கெனவே ஊர்களும் சனங்களும் இருந்தார்களே, பிறகென்ன தோற்றுவிப்பு என்று வழக்குப் போட்டு, 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை ஸ்தாபகர் என்று சொல்லக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அது தனிக் கதை.) வந்து மூன்று வருடம் ஆவதற்குள் ஆள் இறந்துபோனார். கல்லறையில் 1692 ஜனவரி என்று செதுக்கியிருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு வருடம் பிறப்பது மார்ச் மாதத்தில் என்பதால் இன்றைய கணக்கில் அது 1693. அவருடைய மருமகன் சார்ல்ஸ் ஐர் என்பவர் மாமனாருக்கு ஒரு மண்டபம் கட்டி, லத்தீனில் எழுத்து வெட்டிய ஒரு கரிய கற்பலகையை வைத்தார். இன்றும் அது கல்கத்தாவில் புனித யோவான் தேவாலய வளவுக்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் கல்கத்தாவின் நிலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது, எவ்வளவு தோண்டினாலும் சேறும் மணலும் களியும்தான் வரும். எங்களுக்கு இங்கே கிணறு வெட்டக் கல் குறுக்கே வந்து கழுத்தறுக்கும், அவர்களுக்கு ஒரு கல்லறைப் பலகைக்குக்கூட உள்ளூரில் கல் இல்லை. ஆகவே பலகை தெற்கே மதராஸ் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. மதராஸ் என்றால் பரங்கிமலையும் பல்லாவரமும். அங்கேதான் அந்த மாதிரிக் கரிய, பளபளவென்று தேயும் கல் குன்று குன்றாக நிற்கிறது.

போன கல் இருநூறு வருடம் பேசாமல் கிடந்தது. அப்புறம் தோமஸ் ஹொலண்ட் வந்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த இளைஞர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். தென்னிந்தியாவில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட ஒரு கரும்பாறைக்கு அதுவரை சரியான பெயர் இல்லை, அந்தப் பாறைதான் சார்னொக்கின் தலைமாட்டிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டு, 1893இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அந்தக் கல்லறைக் கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆளின் கல்லறையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து எழுதிய கட்டுரை! கல்லுக்குச் சார்னொக்கைட் என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: இந்தக் கல்லின் முதல் மாதிரியைத் தலைநகருக்கு (அப்போது அது கல்கத்தா) கொண்டுவருவதற்குத் தன்னை அறியாமலே காரணமாக இருந்தவர் சார்னொக், அதற்காக இந்த மரியாதை என்றார். அதாவது செத்துப்போனதுதான் சார்னொக் புவியியலுக்குச் செய்த சேவை. பிறகு 1900இல் ஹொலண்ட் தென்னிந்தியப் பாறைகளை விரிவாக எழுதியபோது பெயர் நிலைத்துவிட்டது, இன்றைக்கு நோர்வேயில், பிரேசிலில், மடகஸ்காரில் இந்த மாதிரிக் கல் கிடைத்தாலும் சார்னொக்கைட்தான்.

சரி, கல் என்ன கல்?

ஒரு வரியில் சொன்னால், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உள்ள கிரனைட் மாதிரியான பாறை. ஒரு வரி போதாது என்பது தெரியும், ஆகவே சமையலறைக்குப் போவோம். அரிசி மாவை எடுத்துத் தண்ணீர் தெளித்து ஆவியில் அவித்தால் பிட்டு. அந்த மாவையே பிசைந்து கொதிக்கிற எண்ணெயில் போட்டு ஈரத்தை எல்லாம் ஓட்டிவிட்டால் முறுக்கு. மா ஒன்றுதான். ஈரம் நின்றதா போனதா என்பதில்தான் எல்லாம் மாறிப்போகிறது, நிறம், கடினம், கடிக்கிற சத்தம்கூட.

பாறையிலும் இப்படித்தான். சாதாரண கிரனைட், நைஸ் (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிவரியான பாறை) இரண்டிலும் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்ற வெளிறிய கனிமங்கள், கூடவே மைக்கா இருக்கும். மைக்கா என்றால் மினுமினுக்கிற அந்தத் தகடு. அதன் உடம்புக்குள்ளேயே தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது, நனைந்த தண்ணீர் இல்லை, படிகத்தின் கட்டமைப்பிலேயே சேர்ந்த தண்ணீர். இந்தப் பாறை நிலத்துக்குள் இருபது, முப்பது கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கி, 700இலிருந்து 900 பாகை செல்சியஸ் வரைக்கும் வெந்தால் (பாண் சுடுகிற போறணையில் 250 பாகை இருந்தால் அதிகம்) மைக்காவால் தாங்க முடியாது. உடைந்து, தண்ணீரை விட்டுவிட்டு, மிச்சத்தில் வேறு கனிமமாகிவிடும். அந்த வேறு கனிமம்தான் ஹைப்பர்ஸ்தீன். அதற்குள் தண்ணீர் இல்லை. ஆகவே ஒரு கல்லுக்குள் அதைக் கண்டால், இந்தக் கல் உலர்ந்த பெருஞ்சூட்டில் இருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். முறுக்கைக் கண்டால் எண்ணெய்ச் சட்டியை நினைக்கிற மாதிரி.

இந்த மாற்றம் பாதியில் நின்றுபோன இடங்களும் உண்டு. கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற இடத்திலும், எங்கள் நாட்டில் குருநாகல் பக்கத்திலும் வெளிறிய நைஸ் பாறைக்குள் எண்ணெய் சிந்திய மாதிரிக் கருப்புத் திட்டுகளாகச் சார்னொக்கைட் இருக்கிறது. கார்பன் டைஒக்சைட் நிறைந்த வாயு வெடிப்புகளுக்குள்ளால் ஏறி ஈரத்தை விரட்டியதால் அப்படி ஆனது என்று பல ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஒரே சட்டிக்குள் பாதி பிட்டும் பாதி முறுக்கும். உலகத்தில் இருந்து ஆட்கள் குருநாகலுக்கு வந்து பார்த்துப் போகிற கல் இது, நாங்கள் கொழும்புக்குப் போகிற வழியில் தேநீர் குடித்துவிட்டு போய்விடுவோம்.

ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரும் கிரேக்கம்தான், 'மிஞ்சிய வலிமை' என்று வரும், ஹோர்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கரிய கனிமத்தைவிடக் கடினமாக இருந்ததால் வைத்தது. இதில் ஒரு வேடிக்கை, 1988இல் கனிமவியலாளர்கள் கூடி அந்தப் பெயரை அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். பாறைக்காரர்கள் காதில் வாங்கவில்லை, இன்றும் ஹைப்பர்ஸ்தீன் என்றுதான் சொல்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக உடைத்த முகத்தைப் பார்க்க வேண்டும், வெயில் மழையில் கிடந்த தோலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உடைத்த முகம் கரும்பச்சையும் சாம்பலும் கலந்து, விரலில் நல்லெண்ணெய் தொட்டுத் தடவிய மாதிரி ஒரு மினுக்கோடு இருக்கும். குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இல்லாமல் நீலச் சாம்பலாகத் தெரியும். அதுவும் முதல் குறிப்பு மட்டும்தான். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கல்லைச் சீவி, 0.03 மில்லிமீற்றர் கனத்துக்குத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி, முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்க வேண்டும். அந்த மெல்லிசில் கருங்கல்லுக்குள்ளாலும் வெளிச்சம் போகும். கண்ணாடியைச் சுழற்றும்போது ஹைப்பர்ஸ்தீன் மணி மட்டும் வெளிர் ரோஜாவில் இருந்து வெளிர் பச்சைக்கு மாறும், திரும்பச் சுழற்றினால் திரும்ப ரோஜா. ஒரு தரம் தெரிந்தவர் ஒருவர் காட்டினார். கருங்கல்லுக்குள் பட்டுச் சேலை மடித்து வைத்திருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

தீப்பாறையா, உருமாறிய பாறையா என்று மருமகன் கேட்டான், பரீட்சையில் வருமாம். இது நூறு வருடச் சண்டை. ஹொலண்ட் பாறைக்குழம்பு உறைந்து வந்தது என்று நம்பினார், பிறகு வந்தவர்கள் பலர் இருந்த பாறைதான் வெந்து மாறியது என்றார்கள், இப்போது இரண்டு வழியிலும் வரலாம், இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிற இடத்தில் நிற்கிறது. உன் ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதை எழுது என்றேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இலங்கையின் அடித்தளப் பாறைகளை முக்கியமாக மூன்று தொகுதியாகப் பிரிப்பார்கள், நடுவில் ஹைலண்ட் தொகுதி (உயர்நிலத் தொகுதி என்றும் எழுதுவார்கள்), மேற்கே வன்னித் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி. ஹைலண்ட் தொகுதி பெயரைப் பார்த்து மலைநாட்டோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தென்மேற்கில் இருந்து மலைநாட்டைக் குறுக்கே வெட்டி வடகிழக்காக ஓடிவந்து திருகோணமலைப் பக்கம்தான் கடலுக்குள் இறங்குகிறது. சார்னொக்கைட், குவார்ட்சைட் (பெரும்பாலும் குவார்ட்ஸாலேயே ஆன வெள்ளைக் கல்), சலவைக்கல், கொண்டலைட் என்ற இன்னோர் உருமாறிய பாறை எல்லாம் இந்தத் தொகுதியின் பிள்ளைகள். விஜயனும் ஹைலண்டும் முட்டுகிற எல்லையும் எங்கள் மாவட்டத்துக்குள்ளால்தான் போகிறது, சேருவிலவில் இருக்கிற செம்பு, இரும்புத் தாது அந்த எல்லையில்தான் கிடக்கிறது.

ஹைலண்ட் பாறைகள் கடைசியாக நன்றாக வெந்தது சுமார் 55, 60 கோடி வருடத்துக்கு முன். அப்போது இலங்கை தனித் தீவு இல்லை, ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் அந்தாட்டிக்கா ஒட்டியிருக்க, கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. அந்தாட்டிக்காவில் எண்டர்பி நிலம் என்று ஒரு பகுதி, அங்கே கிடைத்த சார்னொக்கைட்டின் ஒன்றுவிட்ட தம்பிக்கு எண்டர்பைட் என்று பெயர். எண்டர்பி யார் என்று பார்த்தால் லண்டனில் திமிங்கில வேட்டைக் கப்பல் நடத்திய கம்பனிக்காரர். அண்ணன் பெயரும் கம்பனிக்காரன் பெயர், தம்பி பெயரும் கம்பனிக்காரன் பெயர்.

இருபத்தைந்து கிலோமீற்றர் ஆழத்தில் வெந்த கல் எங்கள் காலுக்குக் கீழே எப்படி வந்தது? மேலே இருந்த மலை முழுதும் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போனது, பாரம் குறையக் குறைய அடி மேலே எழும்பியது. நாங்கள் மலை என்று ஏறுவது பழைய மலையின் அடிச்சட்டி. கரைந்து போனதில் ஒரு சின்னப் பங்கைப் பார்க்க ஆசையென்றால் புல்மோட்டைக்குப் போகலாம், அங்கே கடற்கரையில் கருகருவென்று கிடக்கிற இல்மனைட் மணல் இந்த மாதிரிப் பழைய பாறைகள் உதிர்ந்து, ஆறு கொண்டுவந்து, அலை சலித்துப் போட்டதுதான்.

இதை எல்லாம் வாசித்த புதிதில் எனக்குக் கண்ட கல்லெல்லாம் சார்னொக்கைட்டாகத் தெரிந்தது. உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் நல்ல கருப்பாக ஒரு பாறைத் துண்டைப் பார்த்து, கூட வந்த உறவினர்களுக்குச் சார்னொக்கின் கதையை அரை மணித்தியாலம் சொன்னேன். சொல்லி முடித்து, வீரத்தோடு இன்னொரு கல்லால் ஓங்கிப் போட்டேன். உடைந்த முகம் சீனிக் கட்டி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. குவார்ட்சைட். கருப்பு முழுதும் மேல்தோல், பாசியும் அழுக்கும். அன்றிலிருந்து உடைக்காமல் வாய் திறப்பதில்லை.

கடையில் 'கறுப்புக் கிரனைட்' என்று குசினி மேடைக்கு விற்கிறார்களே, அதுவும் இப்படித்தான். பொலிஷ் போடக்கூடிய எந்தக் கடினக் கல்லும் கடைக்காரருக்குக் கிரனைட், அதற்குள் சார்னொக்கைட்டும் இருக்கும், டொலரைட்டும் இருக்கும், இன்னும் பலதும் இருக்கும். தவறென்று சண்டைக்குப் போகத் தேவையில்லை, மேடைக்கு அது போதும்.

ஆனால் பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்தில் பிறந்த கல், அதை உடைத்தவர்கள் செங்கற்பட்டுப் பக்கத்துக் கற்தச்சர்கள், அம்மியாய் ஆட்டுக்கல்லாய் எத்தனையோ வீட்டுக்குப் போன கல். பெயர் மட்டும் அது போய்க் கிடந்த கல்லறைக்காரருக்கு. ஊர்ப் பெயரை வைத்திருந்தால் இன்றைக்கு உலகம் முழுதும் பல்லாவரைட் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கல்லின் பெயர் கல்லின் விலாசத்தைச் சொல்லும் என்று நம்பிவிடக்கூடாது, முதலில் யார் தாளில் எழுதினார்கள் என்பதைத்தான் அது சொல்லும்.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. கம்பனிக்காக ஊர் ஊராகச் சுற்றி எழுதிய ஸ்கொட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரம் பக்கத்தில் மண்வெட்டியால் வெட்டக்கூடிய, வெயிலில் காய்ந்தால் இறுகிப்போகிற ஒரு சிவந்த கல்லைப் பார்த்தார், அதைத்தான் இங்கே கபுக் கல் என்கிறோம். ஊர் ஆட்கள் இட்டிகைக் கல் என்று சொன்னதைக் குறித்துக்கொண்டார், 1807இல் வெளியான தன் நூலில் செங்கட்டிக்கான லத்தீன் சொல்லில் இருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். உடை மாறினாலும் உள்ளே இருப்பது ஊர்ச் சொல்தான். கொண்டலைட்டும் ஊர்க்காரர் பெயர்தான், ஒடிசா மலைகளில் வாழும் கொண்ட் மக்களின் பெயரில் இருந்து வந்தது. நான் முதலில் கொண்டல் காற்றில் இருந்து வந்ததாக்கும் என்று நினைத்து, வடகிழக்கில் கிடக்கிற கல் என்று ஒரு விளக்கமும் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். பொருந்தி வந்தால் போதும், மூளை உடனே நம்பிவிடுகிறது.

எங்கள் நாட்டிலும் ஒரு கதை இருக்கிறது. கலை ஆய்வாளர் என்று உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் புவியியலாளர், 1903இல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளராக இருந்தவர். பலாங்கொடைப் பக்கத்துக் கரிய, பாரமான ஒரு கனிமத்தை அவர்தான் லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஆராய்ந்து பார்த்து, தோரியம் நிறைய இருக்கிறதென்று 1904இல் தோரியனைட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்டது இங்கே, பெயர் அங்கே.

மருமகன் இதை எல்லாம் கேட்டுவிட்டு, குவியலில் இருந்து எட்டுத் துண்டு பொறுக்கிச் சுத்தியலால் உடைத்தான். ஐந்து மினுமினுவென்று மைக்காவோடு நைஸ். இரண்டு வெள்ளை. ஒன்று மட்டும் கரும்பச்சை, எண்ணெய் மினுக்கு, மைக்கா கண்ணுக்குத் தெரியவில்லை. "இதுவா மாமா?" என்றான். இருக்கலாம் என்றேன், அதற்கு மேல் சொல்ல என்னிடம் நுணுக்குக்காட்டி இல்லை. அதை மதிலுக்குக் கொடுக்காமல் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வருடம் அவனைச் சென்னைக்கு ஒரு கலியாணத்துக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்தால் ஒரு பக்கம் பரங்கிமலை, இன்னொரு பக்கம் பல்லாவரம். அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்தக் கல்லைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கலியாண வீட்டுக்குப் போகுமுன் ஓட்டோக்காரரிடம் அங்கே ஒரு தரம் நிறுத்தச் சொல்ல வேண்டும், மேசையில் இருக்கிற துண்டையும் கையோடு கொண்டுபோகிறானாம்.